பித்தளைமேல் ஒரு மெல்லிய தோல்: பனை, சோளக்கட்டை, பட்டுக்கூடு, கொம்பில் பேனா கடைவது

கையால் கடைந்த மரப் பேனா என்று வாங்குகிறோமே, அதன் உள்ளே ஒரு பித்தளைக் குழாய் இருக்கிறது. மரம் அதன்மேல் தோலாக ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். கடைசல் பழகுகிறவர்கள் முதலில் எடுக்கும் ஸ்லிம்லைன் வகையில் குழாயின் வெளிவிட்டம் 7 மி.மீ. கடைந்து முடித்த பேனாவின் முனையில் மொத்த விட்டம் ஏறத்தாழ 8.3 மி.மீ. இரண்டையும் கழித்துப் பாதியாக்கினால் முனையில் மரத்தின் கனம் 0.65 மி.மீ. நடுவில் கொஞ்சம் புடைப்பு விட்டு 12 மி.மீ. வைத்தாலும் கனம் இரண்டரை மில்லிமீட்டர்தான்.

இயற்கைப் பொருளில் பேனா செய்யும்போது வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கிலிருந்தே கிளம்புகின்றன. பித்தளை ஈரத்துக்கு அசையாது. மரம், கொம்பு, பனை, சோளக்கட்டை எல்லாமே அசையும். ஒரு நாற்காலிக் காலில் அந்த அசைவு கண்ணுக்கே தெரியாது. அரை மில்லிமீட்டர் தோலில் அது விரிசலாகத் தெரியும். ஆகவே இந்த வேலையில் லேத்தின் முன்னால் நிற்கும் நேரம் சிறிய பங்குதான். பொருளிலிருந்து ஈரத்தை எடுப்பதும், அதிலுள்ள ஓட்டைகளை எதனால் நிரப்புவது என்று தீர்மானிப்பதுமே பெரிய பங்கு. கடைசலில் கைதேர்ந்தவர் செய்த பேனாவும் ஆறு மாதத்தில் வெடிப்பது இதை அவசரப்படுத்துவதால்தான்.

ஈரத்தின் கணக்கு

பெங்களூருவில் மார்ச் மாதப் பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். ஆகஸ்ட் காலையில் 85 சதவீதத்தைத் தொடும். வீட்டுக்குள் கிடக்கும் மரம் இந்த ஏற்ற இறக்கத்தை முழுதாக வாங்கிக்கொள்ளாது. ஆனாலும் அதன் உள் ஈரம் வறண்ட மாதங்களில் 6, 7 சதவீதத்துக்கும் மழை மாதங்களில் 13, 14 சதவீதத்துக்கும் இடையே போய்வரும். நார் ஓடும் திசையில் மரம் நீள்வதும் குறைவதும் மிகச் சொற்பம். குறுக்கே மட்டும், ஒரு சதவீத ஈரத்துக்குச் சராசரியாக 0.2 சதவீதம் சுருங்கும் அல்லது விரியும். 12 மி.மீ. விட்டமுள்ள பேனாவின் சுற்றளவு 37.7 மி.மீ. மழைக்காலத்தில் செய்த பேனா வெயில்காலத்தில் 7 சதவீத ஈரத்தை இழந்தால், அந்தச் சுற்றளவு அரை மில்லிமீட்டர் குறையப் பார்க்கும். உள்ளே இருக்கும் குழாய் அதைக் குறையவிடாது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட மரம் நார்வாக்கில் பிளந்துகொள்ளும். விரிசல் எப்போதும் தோல் மெலிந்த முனையில் தொடங்கி நடுவை நோக்கி ஓடுவதைக் கவனித்தால் காரணம் புரிந்துவிடும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. நன்றாக உலர்ந்த கட்டையில் செய்த பேனா ஈரமான ஊருக்குப் போனால் பெரிய ஆபத்தில்லை. மரம் விரியும், பூச்சு கொஞ்சம் தூக்கலாம். ஈரக் கட்டையில் செய்த பேனா வறண்ட ஊருக்குப் போனால்தான் வெடிக்கும். மார்ச்சில் பெங்களூருவில் கடைந்ததைச் சென்னைக்கு நிம்மதியாக அனுப்பலாம். ஆகஸ்டில் கடைந்ததை டெல்லியின் மே மாதத்துக்கு அனுப்பினால் திரும்பி வந்துவிடும்.

உலர்த்துவதைத் தேதி பார்த்துச் செய்வதைவிட எடை பார்த்துச் செய்வது நல்லது. 19 மி.மீ. சதுரம், 130 மி.மீ. நீளம் என்ற வழக்கமான அளவில் அறுத்த கட்டை, நடுத்தர அடர்த்தியுள்ள மரமானால், சுமார் 30 கிராம் இருக்கும். அதில் 6 சதவீத ஈரம் என்பது ஒன்றே முக்கால் கிராமுக்குள்தான். சமையலறைத் தராசு இதற்குப் போதாது. 0.1 கிராம் காட்டும் சிறு தராசு வேண்டும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். கட்டையின்மேல் பென்சிலால் தேதியும் எடையும் எழுதி, நிழலில் காற்றோட்டமாக வைத்து, வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால் கட்டை அந்தப் பருவத்தின் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். மழைக்காலத்தில் அந்தச் சமநிலையும் ஈரமானதே. அப்போது அரிசிப் பானைக்குள் போடுவது போன்ற வழிகளில் நேரத்தை வீணாக்காமல், 50 டிகிரி அளவில் வைத்த சிறு மின் அவனில் (oven) மெதுவாக உலர்த்துவதே சரி.

குடகு, சிக்கமகளூரு தோட்டங்களில் பழைய செடிகளைப் பிடுங்கும்போது கிடைக்கும் காப்பி மரத்துக்கு இதெல்லாம் இரட்டிப்பாகப் பொருந்தும். இழை மிக நெருக்கம், நிறம் வெண்ணெய் மஞ்சள், கடைந்தால் கண்ணாடி மாதிரி வரும் அருமையான மரம் அது. பச்சையாக விட்டால் முனையிலிருந்து நட்சத்திரமாக வெடித்துவிடும். வெட்டிய அன்றைக்கே இரு முனைகளையும் உருக்கிய மெழுகில் முக்கி எடுக்க வேண்டும். தண்டின் நடுவில் உள்ள சோற்றுப் பகுதி கட்டைக்குள் வராதபடி, அதற்கு ஒரு பக்கமாக அறுக்க வேண்டும்.

பனை

ஒரே ஒரு புதுப் பொருளைத்தான் முயன்று பார்க்க முடியும் என்றால் பனையை எடுக்கச் சொல்வோம். கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கம் சொந்த ஊர் உள்ள பெங்களூருத் தமிழர்களுக்கு இது கைக்கெட்டும் பொருள். பழைய ஓட்டு வீடுகளைப் பிரிக்கும்போது விழும் பனஞ்சட்டம் பல பத்தாண்டுகளாகக் கூரையடியில் உலர்ந்தது. அதைவிட நன்றாக உலர்ந்த கட்டை எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு அறுக்க வேண்டும்.

பனையில் ஆண்டு வளையம் கிடையாது. தச்சர்கள் பனை வைரம் என்று சொல்வது, வெளிச்சுற்றில் கறுப்பு நார்க்கற்றைகள் நெருங்கி நிற்கும் பகுதியை. உள்ளே போகப் போகக் கற்றைகள் விலகி, நடுவில் வெறும் சோறுதான் இருக்கும். பேனாவுக்கு வெளிப்புறத்து மூன்று, நான்கு சென்டிமீட்டர் மட்டுமே உதவும். நேராக அறுத்தால் கறுப்பும் பழுப்புமாக நீளக் கோடுகள் வரும். 30 முதல் 45 டிகிரி சாய்த்து அறுத்தால் ஒவ்வொரு நாரும் குறுக்கே வெட்டுப்பட்டு நீள்வட்டப் புள்ளிகளாக மாறும். சாய்த்து அறுத்ததுதான் அழகு. ஆனால் நார்கள் குட்டையாகிவிடுவதால் கட்டையின் பலமும் குறைந்துவிடும்.

இரும்பு போன்ற நாரும் தக்கை போன்ற சோறும் அடுத்தடுத்து இருப்பதுதான் பனையின் தொல்லை. உளி பட்டவுடன் நார் வெட்டுப்படாமல் வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும், அந்த இடத்தில் பள்ளம் விழும். போதாததற்குப் பனை இனத்தில் சிலிக்கா மணல் துகள்கள் இயற்கையாகவே உள்ளன. நன்றாகத் தீட்டிய ஹைஸ்பீட் ஸ்டீல் உளியும் ஒரு பேனாவுக்குள் மழுங்கிவிடும். கார்பைடு முனை பொருத்திய உளி இங்கே செலவுக்குத் தகுந்த பலன் தரும்.

தீர்வு, சோற்றைக் கெட்டியாக்குவது. துளையிடும் முன் இரு முனைகளிலும் தண்ணீர் போல மெல்லிய சயனோ பசையை ஊற்றி உறிஞ்சவிட வேண்டும் (ஃபெவிக்விக் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே, கடைசல்காரர்கள் மெல்லியது, நடுத்தரம் என்று தனித்தனிப் புட்டிகளில் வாங்குவார்கள்). உருட்டிக் கடைந்து இறுதி அளவுக்கு மேல் 3 மி.மீ. இருக்கும்போது லேத்தை நிறுத்தி, மறுபடி முழுதும் நனைத்துக் காயவிட வேண்டும். 1 மி.மீ. இருக்கும்போது மூன்றாவது முறை. பசை இறங்கும் ஆழம் சொற்பம் என்பதால், ஒரே முறை நிறைய ஊற்றினால் பயனில்லை. உப்புத்தாள் போடும்போது விரலால் அழுத்தக் கூடாது. விரல் மெத்தென்று இருப்பதால் தாள் சோற்றைத் தின்றுவிட்டு நாரை மேடாக விட்டுவிடும். தாளின் பின்னால் ஒரு தட்டையான மரச்சில்லை வைத்துத் தேய்த்தால் மேடும் பள்ளமும் சமமாக வரும்.

சோளக்கட்டை, சிரட்டை, பட்டுக்கூடு, கொம்பு

மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையைப் பேனாவாக்கினால், ஒவ்வொரு மணி இருந்த குழியும் தேன்கூட்டுக் கண்ணாக வரிசை கட்டி நிற்கும். கட்டையின் நடுவே மெத்தென்ற சோறு, அதைச் சுற்றி மரம் போன்ற வளையம், அதற்கு வெளியே உமி. நல்ல காலமாக 7 மி.மீ. டிரில் அந்தச் சோற்றைத்தான் முதலில் எடுக்கிறது. மிஞ்சும் வளையமே பேனாவாகிறது. சுட்டுத் தின்ற கதிரைவிட, முற்றிக் காய்ந்து மணி உதிர்த்ததை வாங்குவது மேல். இளங்கதிரின் கட்டையில் சர்க்கரை இருக்கும், பூசணம் பிடிக்கும், வளையமும் மெலிவாக இருக்கும். மாடி வெயிலில் காயவைத்து, கீழே சொல்லப்போகிற முறையில் பிசின் ஏற்றி, பிறகு வண்ண எப்பாக்சியில் வார்த்து குழிகளை நிரப்ப வேண்டும். பிசின் ஏற்றாமல் நேரே எப்பாக்சியில் வார்ப்பவர்கள், கடைசி மில்லிமீட்டரில் உமி பிய்ந்து ஓட்டை விழுவதைக் கண்டு எப்பாக்சியைக் குறை சொல்வார்கள். குற்றம் உள்ளே இருக்கும் மெத்தைப் பகுதியில்தான்.

சிரட்டையின் கனம் பெரும்பாலும் 3 முதல் 5 மி.மீ. வளைவும் உண்டு. அதில் நீளவாக்கில் துளை போட வழியில்லை. ஆகவே உடைத்து வார்ப்பதே முறை. வெளி நாரையும் உள்பக்கத்துப் பழுப்புத் தோலையும் கத்தியால் சுரண்டி, சுண்டுவிரல் நகமளவு சில்லுகளாக்கி, அசிட்டோனில் கழுவிக் காயவைத்து, கறுப்பு எப்பாக்சியில் கலந்து அச்சில் ஊற்றுவார்கள். கழுவுவதை விட்டுவிட்டால் ஒட்டியிருக்கும் தேங்காயெண்ணெய் பிசினைப் பிடிக்கவிடாது. நிமிடத்துக்கு 1500 சுற்றில் சில்லு பிய்ந்து முகத்துக்கு வரும். முகக் கவசம் போடாமல் இந்தக் கட்டையின் முன் நிற்கவே கூடாது.

ராமநகரத்துப் பட்டுக்கூட்டுச் சந்தை பெங்களூருவிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய கூடு நூற்பவருக்கு ஆகாது, பேனாவுக்கு ஆகும். கூட்டை இரண்டாக வெட்டி, வெள்ளையோ கறுப்போ பூசிய குழாய்மேல் சுற்றி ஒட்டி, குழாயோடு சேர்த்துத் தெளிந்த பிசினில் வார்க்க வேண்டும். கூட்டின் இழைகளுக்குள் காற்று சிக்கியிருப்பதால், 40 முதல் 60 பி.எஸ்.ஐ. தாங்கும் அழுத்தப் பானைக்குள் வைத்துக் கெட்டியாக்கினால்தான் குமிழி தெரியாது. குழாய்க்கு வண்ணம் பூச மறந்தால், எல்லாம் முடிந்தபின் பித்தளை மஞ்சளாகப் பல்லிளிக்கும்.

எருமைக் கொம்பின் நுனி கெட்டியானது. உத்தரப் பிரதேசத்தின் சம்பல் இந்தக் கொம்பு வேலைக்குப் பெயர் பெற்ற ஊர். கொம்பு என்பது நம் நகத்தில் உள்ள கெரட்டின்தான். தண்ணீரை உறிஞ்சும், சூட்டில் படலம் படலமாகப் பிரியும். டிரில்லை 400, 500 சுற்றுக்கு மேல் ஓட்டாமல், 5 மி.மீ. இறங்கியதும் வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிட்டு மறுபடி இறக்க வேண்டும். முடி கருகும் நாற்றம் வந்தால் நிறுத்திவிட வேண்டும். உள்ளே ஏற்கெனவே படலம் பிரிந்திருக்கலாம். கொம்புக்குப் பூச்சு எதுவும் வேண்டாம். உப்புத்தாளில் படிப்படியாக ஏறி, துணிச் சக்கரத்தில் மெருகேற்றினாலே போதும்.

மான் கொம்பு வேறு விஷயம். வெளிநாட்டுக் காணொளிகளில் மான் கொம்புப் பேனா நிறைய வரும். அமெரிக்காவில் உதிர்ந்த கொம்பைக் கடையில் வாங்கலாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தானாக உதிர்ந்து காட்டில் கிடந்ததானாலும் புள்ளிமான், கடமான் கொம்பை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். யானைத் தந்தம், ஆமை ஓடு பற்றிச் சொல்லவே வேண்டாம். மரத்தில் சந்தனமும் செம்மரமும் வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ளவை. துண்டு சிறியது என்பது வாதமாகாது, ரசீது கேட்டு வாங்க வேண்டும். ஈட்டி மரம் 2017 முதல் சைட்டிஸ் என்ற, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. பேனா அளவுப் பொருளுக்கு விலக்கு இருந்தாலும், வெளிநாட்டுக்கு அனுப்புமுன் நடப்பு விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது. கையில் இருக்கும் கட்டை என்ன மரம் என்றே தெரியாவிட்டால், மல்லேஸ்வரத்தில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மரத்தை இனங்கண்டு சொல்லும் சேவை உண்டு.

வெற்றிடமும் பெங்களூருவின் உயரமும்

மென்மையான பொருளுக்குள் பிசின் ஏற்றும் முறை இது. கட்டையைத் திரவப் பிசினில் மூழ்கடித்து, மேலே இருக்கும் காற்றை பம்பால் உறிஞ்சினால், கட்டைக்குள் இருக்கும் காற்று குமிழியாக வெளியேறும். பிறகு காற்றைத் திறந்துவிட்டால் வளிமண்டல அழுத்தமே பிசினை உள்ளே தள்ளும். இதற்கான பிசின் சூட்டில் கெட்டியாகும் மெத்தாக்ரிலேட் வகை. காக்டஸ் ஜூஸ் என்ற பெயரில் கிடைப்பது பரவலாகத் தெரிந்தது.

பிசின் தயாரிப்பாளர்களின் குறிப்புகள், கேஜ் (வெற்றிட அளவுமானி) 28, 29 அங்குலப் பாதரச அளவைத் தொட வேண்டும் என்று சொல்லும். அது கடல்மட்டக் கணக்கு. மும்பையில் பொருந்தும். பெங்களூரு கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டரில் இருக்கிறது. இங்கே வளிமண்டல அழுத்தமே 27 அங்குலத்துக்குச் சற்றுக் கீழேதான், அதாவது 680 மி.மீ. பாதரசம். கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கும் உள்ளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே. முழு வெற்றிடத்தில்கூட இங்கே முள் 27ஐத் தாண்டாது. பம்பு சரியில்லை, மூடியில் கசிவு என்று ரப்பரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். 26ஐத் தாண்டினாலே பம்பு நன்றாக வேலை செய்கிறது.

இன்னொரு தவறு இதைவிட அடிக்கடி நடக்கிறது. வெற்றிடத்தில் தண்ணீர் அறை வெப்பத்திலேயே கொதிக்கும். கட்டையில் ஈரம் மிச்சமிருந்தால் குமிழி நிற்கவே நிற்காது. காற்று இன்னும் வருகிறது என்று மணிக்கணக்கில் பம்பை ஓட்டினால், வருவது நீராவி, கெடுவது பம்பின் எண்ணெய். அதனால் பிசின் ஏற்றும் கட்டைக்கு மட்டும் காற்றில் உலர்த்தியது போதாது. 105 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து முற்றிலும் வறட்டி, சூடு ஆறும்வரை காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு வைக்க வேண்டும். ஆறாமல் பிசினில் போட்டால் அந்தச் சூட்டிலேயே பிசின் கெட்டியாகத் தொடங்கிவிடும். வெளியே வைத்து ஆறவிட்டால் மழைக்கால இரவொன்றில் ஈரம் திரும்ப ஏறிவிடும்.

குமிழி அடங்கியதும் காற்றைத் திறந்து, பம்பு ஓடிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் ஊறவிட வேண்டும். பிசின் உள்ளே போவது இப்போதுதான். இதைச் சுருக்கினால் நடுப்பகுதி வெறுமையாக நின்றுவிடும். பிறகு அலுமினியத் தாளில் சுற்றி, கட்டையின் உள்பகுதி 90 டிகிரியைத் தொட்டுச் சற்று நேரம் நிற்கும்படி ஒன்றரை, இரண்டு மணி நேரம் சூடாக்க வேண்டும். சமையல் அவனை இதற்குத் தொடவே கூடாது. பழைய அவன் ஒன்றைப் பால்கனியில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஈட்டி, புளி, காப்பி போன்ற அடர்ந்த மரங்களுக்கு இவ்வளவு பாடும் வேண்டியதில்லை. அவற்றுக்குள் பிசின் சரியாக இறங்காது, இறங்க வேண்டிய தேவையும் இல்லை.

துளை, குழாய், லேத்

கட்டையை இரண்டாக அறுக்கும்போது ஒவ்வொரு துண்டும் குழாயைவிட 6 முதல் 8 மி.மீ. நீளமாக இருக்கட்டும். டிரில் வெளியேறும் இடத்தில் பெயர்ந்துபோகும் பகுதி அந்தக் கூடுதல் நீளத்துக்குள் அடங்கிவிடும். குழாயை 150 எண் தாளில் குறுக்கும் நெடுக்குமாக உரசி, அதன் முனையை உருளைக்கிழங்கு வில்லையில் ஒருமுறை குத்தி எடுத்தால் மூடி மாதிரி அடைத்துக்கொள்ளும், பசை உள்ளே போகாது. ஒட்டுவதற்கு அரால்டைட் போன்ற மெதுவான எப்பாக்சியே நல்லது. சயனோ பசை பாதி வழியில் இறுகிக் குழாயை நடுவில் மாட்டவைத்துவிடும். காய்ந்தபின் இறுகிய விளிம்பு உடையக்கூடியதும்கூட. எண்ணெய்ப் பசையுள்ள மரமானால் துளையை அசிட்டோனால் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். முனைகளைப் பித்தளை மின்னும்வரை சரியாக 90 டிகிரியில் சீவுவதில் சோம்பல் காட்டினால், கடைசியில் பாகங்கள் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி தெரியும். மரத்துக்குப் பேரல் டிரிம்மர் (முனையைச் சீவும் வெட்டுக்கருவி) சரி. சிரட்டை, சோளக்கட்டை போன்ற நொறுங்கும் பொருளுக்கு உப்புத்தாள் தட்டில் தேய்ப்பதே பாதுகாப்பு.

லேத்தில் பேனா முட்டை வடிவமாக வருகிறது, ஒரு பக்கம் புஷ்ஷோடு (முனையில் பேனாவின் இறுதி விட்டத்தைக் காட்டும் இரும்பு வளையம்) சமமாகவும் எதிர்ப்பக்கம் மேடாகவும் இருக்கிறது என்ற புகார் அடிக்கடி வரும். அநேகமாக எப்போதும் காரணம் ஒன்றே: டெயில்ஸ்டாக்கை (லேத்தின் மறுமுனைப் பிடி) அதிகமாக இறுக்கியதால், துண்டுகளைக் கோத்துச் சுழற்றும் மெல்லிய மாண்ட்ரல் கம்பி வளைந்திருக்கிறது. கட்டை ஆடாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். அல்லது மாண்ட்ரலையே விட்டுவிட்டு, 60 டிகிரிக் கூம்புகளுக்கு இடையே புஷ்களைப் பிடித்துக் கடையலாம். துல்லியம் வேண்டுபவர்கள் பிந்தியதற்கே வந்து சேர்கிறார்கள். சதுரத்தை உருட்டும்வரை 1500 சுற்று, அதன்பின் 2500 போதும்.

காப்பி மரம் போன்ற வெளிர் பொருளில் இன்னொரு கவனம் வேண்டும். உப்புத்தாள் இரும்பு புஷ்ஷைத் தொட்டால் அந்தக் கறுப்புத் தூள் மரத்தின் நுண்துளைகளில் ஏறி, முனைகள் சாம்பல் நிறமாகிவிடும், பிறகு எதனாலும் போகாது. புஷ்ஷுக்கு அரை மில்லிமீட்டர் மேலே நிறுத்தி, அதைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் கூம்புகளை மாட்டி மீதியைத் தேய்த்தால் இந்தத் தொல்லை இல்லை. காலிப்பரால் அடிக்கடி அளக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். 150, 220, 320, 400, 600 என்று ஏறும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் பிறகு லேத்தை நிறுத்தி நீளவாக்கில் ஒருமுறை கையால் தேய்த்தால் வட்டக் கீறல் தங்காது.

மெருகு

தினமும் சட்டைப்பையில் போகும் பேனாவுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று சயனோ பூச்சு. முதலில் மெல்லிய பசையில் இரண்டு, மூன்று படலம், பிறகு நடுத்தரப் பசையில் ஆறு முதல் எட்டு. சமையலறைக் காகிதத் துண்டை மடித்து, இரண்டு சொட்டு விட்டு, மெதுவாகச் சுழலும் பேனாவின்மேல் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். திரும்பித் தடவினால் பிசிறும். பருத்தித் துணி கூடவே கூடாது, அதோடு சேர்ந்தால் இந்தப் பசை கை சுடும் அளவுக்குச் சூடாகும். காற்றோட்டம் இல்லாத அறையில் அதன் ஆவி கண்ணை எரிக்கும். வேகமாகக் காயவைக்கும் ஸ்பிரேயை அருகிலிருந்து அடித்தால் படலம் நுரைத்து வெள்ளையாகப் பூத்துவிடும். ஓரடி தள்ளி, ஒரே ஒரு தூவல். கெட்டியானதும் மைக்ரோமெஷ் என்ற மிக நுண்ணிய தேய்ப்புப் பட்டைகளில் 1500 முதல் 12000 வரை ஈரமாகத் தேய்த்தால் கண்ணாடிப் பளபளப்பு வரும். இங்கேதான் பலர் தோற்கிறார்கள். பக்கமெல்லாம் பசை பூசியவர்கள் இரு முனைகளின் வெட்டுமுகத்தை மறந்துவிடுகிறார்கள். தேய்க்கும் தண்ணீர் அந்த வழியாக மரத்துக்குள் ஏறி, இரண்டு வாரம் கழித்து முனையில் பூச்சு வெள்ளையாகத் தூக்குகிறது. தண்ணீர் தொடுமுன் முனைகளுக்கு மெல்லிய பசை ஒரு சொட்டு வைத்து அடைத்துவிட வேண்டும்.

மற்றொன்று அரக்கு. இது நம் பக்கத்துச் சொத்து. பெங்களூருவிலிருந்து 60 கி.மீ. தூரத்துச் சன்னபட்டணத்தில் வெட்பாலை மரப் பொம்மைகளுக்குச் செய்வது போலவே செய்யலாம். நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் கட்டையின்மேல் அழுத்தினால் உராய்வுச் சூட்டில் உருகிப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த தாழை மடலை அதன்மேல் அழுத்தி இழுத்தால் படலம் சமமாகப் பரவி மின்னும். சுற்று குறைவாக இருந்தால் அரக்கு உருகாமல் திட்டுத் திட்டாக ஒட்டும், மடலை ஒரே இடத்தில் நிறுத்தினால் கருகும். வெட்பாலையின் யானைத்தந்த வெண்மையில் ஏறும் சிவப்பும் மஞ்சளும் எந்தப் பிசினாலும் தர முடியாத ஆழம் கொண்டவை. எழுதக் கையில் எடுத்தாலும் அரக்கு குளிர்ந்து வழுக்குவதில்லை, விரலோடு ஒட்டிப் பழகுகிறது.

அதன் குறையையும் வாங்குபவரிடம் சொல்லித்தான் விற்க வேண்டும். அரக்கு சாராயத்தில் கரையும். சானிடைசர் தடவிய ஈரக் கையோடு பேனாவை எடுத்தால் விரல் ரேகை பதிந்துவிடும். 70 டிகிரியை நெருங்கும்போது இளகும் என்பதால், வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் விட்டுவைக்கக் கூடாது. பழுதானாலும் மறுபடி லேத்தில் மாட்டி, அதே அரக்கை இளக்கிச் சரிசெய்துவிடலாம். சயனோ பூச்சு வெடித்தால் மொத்தத்தையும் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

பொருத்தும்போது குழாயின் உள்ளே ஒட்டியிருக்கும் பசைத் துளியை உருண்டை அரத்தால் சுத்தம் செய்வது முக்கியம். சிறு துளி இருந்தாலும் நுனியை அழுத்தும்போது குழாய் விரிந்து, அந்த 0.65 மி.மீ. தோல் கண்முன்னே பிளக்கும். சுத்தியல் வேண்டாம். டிரில் பிரஸ்ஸிலோ வைஸிலோ தாடைகளுக்கு மரச்சில்லு வைத்து மெல்ல அழுத்துங்கள். முதலில் நுனி, பிறகு திருகு பாகம். திருகு பாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு முறையும் ரீஃபில்லை மாட்டிப் பார்க்க வேண்டும். ஆழமாகப் போய்விட்டால் வெளியே எடுப்பது பாடு. ரீஃபில் முனை எழுதும் நிலையில் இரண்டு மில்லிமீட்டர் வெளியே வந்து, திருப்பினால் முழுதாக உள்ளே போனால் சரி. கிளிப்பும் மூடியும் கடைசி. அதற்குமுன் மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் திருப்பி, அறுக்கும் முன் பென்சிலால் போட்ட குறியை வைத்து, பனையின் புள்ளி வரிசை ஒன்றோடொன்று தொடர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.